பக்கி மேல் படகு: மரச் சட்டத்தில் நாமே கட்டும் தாங்கி

பிக்கப் வண்டிக்கு தென்னாப்பிரிக்காவில், எங்கள் டர்பனில், ‘பக்கி’ என்றுதான் பெயர். தமிழ்நாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் இதை முதன்முதலாகக் கேட்டபோது, யாரைத் திட்டுகிறோம் என்று திரும்பிப் பார்த்தார். படகைக் கொண்டுபோக ட்ரெய்லர் வாங்கினால் தனிப் பதிவு, ஆண்டுதோறும் லைசன்ஸ், நிறுத்த இடம் என்று தலைவலி. சின்னப் படகுக்கு பக்கியின் மேல் ஒரு தாங்கி போதும். வெல்டிங் தெரியாதவர்களும் இரண்டு நாளில் கட்டிவிடலாம்.

நான் முதலில் கட்டிய தாங்கியில் நான்கு கால், மேலே இரண்டு குறுக்குச் சட்டம், அவ்வளவுதான். நானும் மச்சானும் மேலே ஏறி நின்று பார்த்தோம். அசையவில்லை. ஹேஸல்மியர் அணைக்குப் போகிற வழியில் ரோபோட் (சிக்னலுக்கு இங்கே அதுதான் பெயர்) சிவப்பானது, பிரேக்கை அழுத்தினேன். தாங்கி அப்படியே முன்னால் சாய்ந்து, படகின் மூக்கு கேபின் கூரையில் இடித்தது. அந்தப் பள்ளம் இன்னும் இருக்கிறது.

மேலிருந்து அழுத்தும் எடையை எந்த மரமும் தாங்கும். தாங்கியைச் சாய்ப்பது பிரேக்கும் காற்றும்தான். என் அலுமினியப் படகு 3.6 மீட்டர், 55 கிலோ. சட்டென்று பிரேக் போட்டால் அது 40 கிலோவுக்கு மேல் முன்னால் தள்ளும். காற்று இன்னும் மோசம். 60 கி.மீ. வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 17 கிலோ தள்ளும் காற்று, 100 கி.மீ.யில் 47 கிலோவாகிவிடும்.

முதலில் அளவு. படகைக் கவிழ்த்துத்தான் ஏற்றப்போகிறோம், ஆகவே தரையில் இரண்டு செங்கல் அடுக்கின் மேல் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். அடுக்குகளுக்கு நடுவே 2.1 மீட்டர் இடைவெளி இருக்கட்டும். பெரும்பாலான படகுகளின் விளிம்பு மூக்குப் பக்கம் மேலேறி இருக்கும். கவிழ்த்தால் அதுவே கீழே தொங்கும். என் படகில் 12 செ.மீ. தொங்கியது. பின்தொட்டியின் தரையிலிருந்து கேபின் கூரை வரை 102 செ.மீ. அதோடு தொங்கல் 12, கூரையில் இடிக்காமலிருக்க இடைவெளி 8 கூட்டினால் 122. குறுக்குச் சட்டத்தின் 11.4 செ.மீ. உயரத்தைக் கழித்தால் கால் 110.6 வரும், 111 என்று வெட்டினேன். உங்கள் வண்டிக்கு உங்கள் கணக்கு; என் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மரம் 38×114 மி.மீ. பைன், மொத்தம் ஏறத்தாழ 24 மீட்டர். கடையில் ஹெச்3 என்று கேளுங்கள். வெயில் மழையில் வெளியே நிற்கப் பதப்படுத்திய மரம் அது. கடற்கரை ஈரத்துக்குப் பதப்படுத்தாத பைன் நிலைக்காது. பதப்படுத்தும் மருந்தில் பெரும்பாலும் ஆர்செனிக் இருக்கும், அதனால் அறுக்கும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள். மிச்சத் துண்டுகளை பிராய் (இறைச்சி சுடும்) அடுப்பில் போடவே போடாதீர்கள். போல்ட் எல்லாம் கால்வனைஸ் செய்த எம்10 (10 மி.மீ. தடிமன்), நீளம் 100 மி.மீ., பெரிய வாஷரோடு.

இப்போது பக்கச் சட்டகம். இரண்டு கால்கள், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக 2.1 மீட்டர் நீளச் சட்டங்கள். கால்களின் அகலப் பக்கத்தோடு அவற்றைப் படுக்க வைத்து, மூலைக்கு இரண்டு போல்ட் வீதம் முடுக்குங்கள். முடுக்குவதற்கு முன் மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். அடுத்து, நான் முதல்முறை விட்ட சாய்வுச் சட்டம். கீழே முன்மூலையிலிருந்து மேலே பின்மூலைக்கு அது ஏற வேண்டும். அப்படி வைத்தால் பிரேக்கின் தள்ளுதல் மரத்தை அழுத்தும், போல்ட்டைப் பிய்க்காது. இதே மாதிரி இன்னொரு சட்டகம்.

இரண்டையும் சக்கர மேடுகளுக்கு உள்ளே நிறுத்துங்கள். கீழே இரண்டு குறுக்குத் துண்டுகளால் இணைத்து, மேலே 1.6 மீட்டர் குறுக்குச் சட்டங்களை முன்னும் பின்னும் நிமிர்த்தி வைத்து இரும்பு எல் பட்டையால் பிடியுங்கள். பக்கவாட்டு ஆட்டத்தை நிறுத்த மூலைக்கு ஒரு முக்கோண பிளைவுட். ரசமட்டம் அவ்வளவு முக்கியமில்லை, வண்டியே சமமாக நிற்காது.

தொட்டித் தரையில் நான்கு எம்12 போல்ட், அடியில் 75 மி.மீ. சதுரத் தகடு. துளை போடுவதற்கு முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். பெட்ரோல் தொட்டியும் பிரேக் குழாயும் அங்கேதான் ஓடும். துளை விளிம்பில் பெயிண்ட் பூசாவிட்டால் ஒரே மழைக்காலத்தில் துரு.

தனியாக ஏற்ற விரும்பினால் பின்னால் ஒரு உருளை வையுங்கள். 1¼ அங்குலத் தண்ணீர்க் குழாய்மேல் 50 மி.மீ. பிவிசி குழாயை மாட்டினால் நன்றாக உருளும். பின் குறுக்குச் சட்டத்துக்கு 10 செ.மீ. பின்னால், அதே மட்டத்தில் பொருத்துங்கள். சட்டங்களின் மேல் பழைய கம்பளம் சுற்றுங்கள். மூக்கைத் தூக்கி உருளையில் வைத்துவிட்டு, பின்பக்கம் வந்து தூக்கித் தள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் பாதி எடைதான் கையில்.

கட்டும்போது குறுக்குச் சட்டத்துக்கு ஒன்றாக இரண்டு ராட்செட் பட்டை (கைப்பிடியை ஆட்டி இறுக்கும் பட்டை). பட்டையை ஒருமுறை முறுக்கி விடுங்கள், இல்லாவிட்டால் நெடுஞ்சாலையில் தம்பூரா மாதிரி ரீங்காரம். மூக்கிலிருந்து முன் கொக்கிகளுக்கு இரண்டு கயிறு, பின்னாலிருந்து டோபாருக்கு (வண்டியின் பின்னால் உள்ள இழுவைக் கம்பி) ஒன்று. மூக்குக் கயிறு இல்லாமல் என்2 நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள். காற்று படகுக்குள் புகுந்து தூக்கும் இடம் அதுதான். படகு வண்டிக்குப் பின்னால் 300 மி.மீ.க்கு மேல் நீண்டால் பகலில் சிவப்புத் துணி கட்ட வேண்டும், இரவில் சிவப்பு விளக்கு. என்னுடையது 40 செ.மீ. நீள்வதால் துணி எப்போதும் டாஷ்போர்டில் கிடக்கும்.

ஐந்து கிலோமீட்டர் போனதும் ஓரமாக நிறுத்தி பட்டையை இறுக்குங்கள். ஒரு மாதம் கழித்து நட்டுகளையும் ஒரு சுற்று முடுக்க வேண்டும். புது மரம் காயக் காயச் சுருங்கும், எனக்கு முக்கால்வாசி நட்டுகள் கையாலேயே கழன்றன.