எலுமிச்சை உப்பு உப்பே அல்ல: பானத்தில் புளிப்பு பிசகும் இடங்கள்

மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கையில் வருவது சிட்ரிக் அமிலம். பெயரில்தான் உப்பு. அந்த அமிலத்தின் உண்மையான உப்பு வேறு, அது சோடியம் சிட்ரேட். பார்வைக்கு இரண்டும் வெள்ளைப் படிகம். பானத்துக்குள் போனால் ஒன்று புளிப்பை ஏற்றும், மற்றது அதை அடக்கும். வீட்டில் ஸ்குவாஷும் சர்பத்தும் போடுகிறவர்கள் தடுமாறுவதில் பாதி, இந்த இரண்டாவது பொருள் இருப்பதே தெரியாததால்தான்.

நான் முதல்முறை ஐந்து லிட்டர் எலுமிச்சை சிரப் காய்ச்சியபோது புளிப்பு தூக்கலாகிவிட்டது. எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். அரைக் கிலோ சர்க்கரை, அப்புறம் இன்னொரு அரைக் கிலோ. கடைசியில் திகட்டலும் வந்தது, புளிப்பும் போகவில்லை. சர்க்கரை புளிப்பை மறைக்கும், அவ்வளவுதான். வாயில் வைத்ததும் இனிக்கும், விழுங்கியதும் தொண்டையில் அதே சுருக்.

புளிப்புக்கு இரண்டு கணக்கு உண்டு. மொத்தம் எவ்வளவு அமிலம் போட்டோம் என்பது ஒன்று. அதில் எவ்வளவு பிரிந்து ஹைட்ரஜன் அயனியாக நிற்கிறது என்பது இன்னொன்று, பி.எச். அளவு காட்டுவது இதைத்தான், எண் ஏறினால் அந்த அயனி குறைகிறது என்று அர்த்தம். ஒரு லிட்டர் தண்ணீரில் 3 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்தால் பி.எச். சுமார் 2.5. அதிலேயே அரை கிராம் சோடியம் சிட்ரேட் சேர்த்தால் 2.9 பக்கம் வரும், 1 கிராம் சேர்த்தால் 3.2. போட்ட அமிலம் எங்கும் போகவில்லை. பழச்சுவையைத் தூக்கிக் காட்டும் புளிப்பு அப்படியே நிற்கும், பல் கூசுவது மட்டும் குறையும். நான் சர்க்கரையோடு மல்லுக்கட்டிய அன்று தேவைப்பட்டது இதுதான்.

அதற்காக சிட்ரேட்டை அள்ளிப் போடக் கூடாது. மிஞ்சினால் ஒருவித உப்புக் கரிப்பு வரும், பானம் சப்பென்று ஆகிவிடும். அந்தச் சுவை எப்படி இருக்கும் என்று அறிய ஒரு ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைக் கரைத்துப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய கலவையில் லிட்டருக்கு 2.9 கிராம் சோடியம் சிட்ரேட் இருக்கிறது. முன்பு அங்கே சோடியம் பைகார்பனேட், அதாவது நம் ஆப்ப சோடாதான் இருந்தது. ஈரப்பதமான ஊர்களில் பொட்டலம் கெட்டுப்போகிறது என்று 1984இல் சிட்ரேட்டுக்கு மாறினார்கள்.

ஆப்ப சோடா என்றதும் நினைவுக்கு வருகிறது, புளிப்பு அதிகமானால் ஒரு சிட்டிகை சோடா போடச் சொல்பவர்கள் உண்டு. அது அமிலத்தை முறித்து அங்கேயே சிட்ரேட்டாக்கும் வேலை. 1 கிராம் சோடா ஏறக்குறைய 0.76 கிராம் சிட்ரிக் அமிலத்தை முழுதாகத் தீர்த்துவிடும். ஒரு சிட்டிகை தவறினால் புளிப்போடு பழச்சுவையும் போய்விடும். செம்பருத்தி சர்பத்தில் போட்டால் நிறமும் போச்சு. அந்தப் பளிச்சென்ற சிவப்பு அமிலம் இருக்கும்வரைதான்.

சோடாவையோ சிட்ரேட்டையோ கூட்டிப் போட்டால் இன்னொரு வம்பு உண்டு, சுவையில் அது தெரியாது. விற்பனைக்குப் போடுபவர்கள் கெடாமல் இருக்க சோடியம் பென்சோயேட் சேர்ப்பார்கள். அது பென்சாயிக் அமிலமாக இருக்கும்போதுதான் நுண்ணுயிரைத் தடுக்கும். பி.எச். 3இல் 90 சதவீதத்துக்கு மேல் அந்த வடிவில் இருக்கும், 5இல் 15 சதவீதம்கூட இருக்காது. சோடாவோ சிட்ரேட்டோ போட்டு பி.எச். 4ஐத் தாண்டவிட்டால் பாட்டிலுக்குள் காவல்காரர் தூங்கிவிட்டார் என்று அர்த்தம். சேர்க்கும் வரிசையும் முக்கியம். அமிலம் கரைந்த கெட்டிச் சிரப்பில் பென்சோயேட் தூளை நேராகக் கொட்டினால் பென்சாயிக் அமிலம் வெள்ளைத் திப்பியாகப் பிரிந்துவிடும், ஏனென்றால் அது தண்ணீரில் லிட்டருக்கு 3 கிராம் சொச்சம்தான் கரையும். பென்சோயேட்டை முதலில் தனியாகத் தண்ணீரில் கரைத்துக் கலந்துவிட்டு, அமிலத்தைக் கடைசியில் சேருங்கள். கூடவே 'சத்துக்கு' என்று வைட்டமின் சி சேர்க்கவே வேண்டாம். பென்சோயேட்டும் அதுவும் வெயிலில் கிடந்தால் பென்சீன் உண்டாக இடமிருக்கிறது.

பி.எச். மீட்டர் வாங்கியவர்களுக்கு அதை மட்டுமே நம்பும் வியாதி வரும். எனக்கும் வந்தது. கோலா பானமும் எலுமிச்சைச் சாறும் பி.எச். அளவில் 2.5ஐ ஒட்டித்தான் நிற்கும். எலுமிச்சைச் சாற்றை அப்படியே குடிக்க முடியுமா? கோலாவில் சர்க்கரை இருப்பது ஒரு காரணம். அதைவிட, அதிலிருக்கும் பாஸ்பாரிக் அமிலம் மிகக் கொஞ்சம். எலுமிச்சைச் சாற்றிலோ 5 சதவீதம் அளவுக்கு சிட்ரிக் அமிலம். மீட்டர் பாதிக் கதைதான் சொல்லும், மீதியை நாக்குதான் சொல்ல வேண்டும்.

எல்லாப் பழத்துக்கும் சிட்ரிக் அமிலமே போடுவதும் தவறுதான். எல்லாம் கடைசியில் லேசான எலுமிச்சை மாதிரி ஆகிவிடும். ஆப்பிளின் புளிப்பு மாலிக் அமிலம், மெதுவாக எழும்பி நெடுநேரம் நிற்கும். திராட்சைக்கும் புளிக்கும் டார்டாரிக், மோருக்கு லாக்டிக். திராட்சைச் சாற்றை ஃபிரிட்ஜில் வைத்தால் அடியில் கண்ணாடித் துகள் போல ஏதோ படியும். பயந்து கொட்டிவிடாதீர்கள், அது டார்டாரிக் அமிலத்தின் பொட்டாசியம் உப்பு.

இன்னும் சில. வெள்ளீயம் பூசாத பித்தளையிலும் அலுமினியத்திலும் காய்ச்சாதீர்கள். அமிலம் போட்ட ரோஸ் சிரப்பைப் பாலில் தாராளமாக ஊற்றினால் பால் திரிந்துவிடும். சூடாக இருக்கும்போது ருசி பார்த்து முடிவு செய்யாதீர்கள். குளிர்ந்ததும் இனிப்பு மங்கித் தெரியும், புளிப்பு அந்த அளவுக்கு மங்காது. குடிக்கிற சோடாவில் கலக்கும் சிரப் என்றால் அமிலத்தைக் கொஞ்சம் குறைத்தே போடுங்கள், சோடாவுக்கே ஒரு புளிப்பு உண்டு.

இப்போது நான் செய்வது இதுதான். 10 கிராம் சோடியம் சிட்ரேட்டைத் தண்ணீரில் கரைத்து மொத்தம் 100 மில்லியாக்கி ஒரு பாட்டிலில் வைத்திருக்கிறேன். கலந்து, குளிரவைத்த ஒரு லிட்டர் பானத்துக்கு ஊசியில்லாத சிரிஞ்சால் 2 மில்லி விட்டு ஒரு வாய், அப்புறம் ஒவ்வொரு மில்லியாக ஏற்றி ஒவ்வொரு வாய். 5 மில்லியைத் தாண்ட வேண்டி வந்ததில்லை.