ஃபைனல் ஃபேன்டஸி 6-ஐ மறுபடி ஆடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ஜப்பானிய ரோல் பிளேயிங் கேம் ஒன்றை இரண்டாம் முறை எடுப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கதை நினைவில் இருக்கலாம். ஆனால் கையில் இருக்கும் கருவி அன்றையது இல்லை, பதிப்பும் அன்றையது இல்லை, சேவ் எழுதப்படும் இடமும் மாறிவிட்டது. மொரீஷியஸில் இதோடு மின்சாரம், ஈரக்காற்று, சூறாவளி மூன்றும் சேர்ந்துகொள்ளும்.

எடுத்துக்காட்டுக்கு ஃபைனல் ஃபேன்டஸி 6. 1994-ல் நின்டெண்டோவின் சூப்பர் ஃபாமிகாமில் வந்தது. கேம் பாய் அட்வான்ஸுக்கு ஜப்பானில் 2006-லும் ஐரோப்பாவில் 2007-லும் வந்தது. பிக்சல் ரீமாஸ்டர் பதிப்பு 2023-ல் நின்டெண்டோ ஸ்விட்சுக்கு வந்தது. இன்று கையடக்கக் கருவியில் ஆடுபவர் பெரும்பாலும் இந்தக் கடைசி இரண்டில் ஒன்றைத்தான் வைத்திருப்பார்.

சார்ஜரைப் படிக்காமல் செருகுவது

இது முதல் தவறு, பணமும் போகிற தவறு. பழைய கேம் பாய் அட்வான்ஸ் எஸ்பி, டிஎஸ் லைட், 3டிஎஸ் போன்றவை ஜப்பானிலிருந்து செகண்ட்ஹேண்டாக நல்ல நிலையில் வருகின்றன. கூடவே வரும் சார்ஜர் ஜப்பானியச் சார்ஜர். அது 100 வோல்ட்டுக்குச் செய்தது. அமெரிக்காவில் விற்றது 120 வோல்ட்டுக்கு. நம் வீட்டுச் சுவரில் இருப்பது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்.

தட்டையான இரண்டு கால் நம் பிளக்கில் நுழையாது என்பதால் கடையில் ஒரு சிறிய மாற்றி வாங்கிச் செருகிவிடுகிறார்கள். அந்த மாற்றி காலின் வடிவத்தை மட்டும் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. இரண்டு மடங்குக்கு மேல் மின்னழுத்தம் ஏறி சார்ஜர் புகைந்து போகும். சில நேரம் கருவியையும் கூட்டிக்கொண்டு போகும்.

சார்ஜரின் பின்புறம் ‘இன்புட்’ என்ற வரியைப் படியுங்கள். 100–240 என்று இருந்தால் நேராகச் செருகலாம். ஸ்விட்சின் சார்ஜர் அப்படிப்பட்டது. 100 அல்லது 120 என்று மட்டும் இருந்தால் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அந்தக் கருவிக்கான யூஎஸ்பி சார்ஜிங் கேபிள் ஒன்றை வாங்குங்கள். எஸ்பிக்கும் முதல் டிஎஸ்ஸுக்கும் ஒரே முனை. டிஎஸ் லைட்டுக்கு வேறு முனை. டிஎஸ்ஐ, 3டிஎஸ் இரண்டுக்கும் இன்னொன்று. முனையைப் பார்க்காமல் வாங்கி அழுத்திச் செருகினால் துளைக்குள் இருக்கும் தகடு வளைந்துவிடும், அதை நிமிர்த்துவது கடினம்.

இன்னொன்று. 3டிஎஸ் வட்டார வாரியாகப் பூட்டப்பட்டது. ஜப்பானிய 3டிஎஸ்ஸில் ஐரோப்பிய 3டிஎஸ் கார்ட்ரிட்ஜ் ஓடாது. கேம் பாய் அட்வான்ஸுக்கும் ஸ்விட்சுக்கும் அந்தப் பூட்டு இல்லை. கேம் பாய் அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜ்தான் ஆட வேண்டும் என்றால் எஸ்பியோ டிஎஸ் லைட்டோ போதும், எந்த நாட்டுக் கருவியானாலும் சரி.

எஸ்பி வாங்கும்போது பின்பக்க ஸ்டிக்கரில் மாடல் எண்ணைப் பாருங்கள். ஏஜிஎஸ்-001 என்றால் வெளிச்சம் திரையின் முன்பக்கத்திலிருந்து வரும், நிறம் வெளிறித் தெரியும். ஏஜிஎஸ்-101 என்றால் பின்னொளி, நிறம் தெளிவு. ஸ்டிக்கர் போயிருந்தால் வெளிச்சப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். 001-ல் விளக்கு முழுவதும் அணையும். 101-ல் அணையாது, மங்கலுக்கும் பிரகாசத்துக்கும் மாறும். பேட்டரி மூடி சற்றே புடைத்திருந்தால் பேட்டரி ஊதியிருக்கிறது. அதைச் சார்ஜ் செய்யவே கூடாது. அதன் இடத்தில் 600 மில்லி ஆம்பியர் அளவு கொண்ட புதியதைப் போடுங்கள்.

போலிக் கார்ட்ரிட்ஜ்

பிரான்சிலிருந்தோ ரீயூனியனிலிருந்தோ சொந்தக்காரர்கள் கொண்டுவந்தது என்றால் பெரும்பாலும் கவலையில்லை. மலிவாக இணையத்தில் வாங்கியது என்றால் சோதித்துவிட்டுத்தான் நாற்பது மணி நேர ஆட்டத்தை அதில் தொடங்க வேண்டும். போலி கார்ட்ரிட்ஜின் உண்மையான ஆபத்து படத்திலோ ஒலியிலோ இல்லை, சேவில்தான் இருக்கிறது. முதல் பத்து மணி நேரம் ஒழுங்காகச் சேவ் ஆகும். பிறகு ஒருநாள் மூன்று இடமும் காலியாக இருக்கும்.

அசல் கேம் பாய் அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜின் லேபிளைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் மெல்ல அழுந்திய இரண்டிலக்க எண் தெரியும். தொடர்புத் தகடுகளுக்குச் சற்று மேலே, பலகையின் விளிம்பில் நின்டெண்டோ என்று அச்சிட்டிருக்கும். பின்புற ஸ்க்ரூ மூன்று வெட்டு உள்ளது. சாதாரணச் சிலுவை வெட்டு இருந்தால் சந்தேகப்படுங்கள். வாங்கியவுடன் ஒரு சேவ் போட்டு, கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்து ஒரு வாரம் விட்டு, மறுபடி போட்டுப் பாருங்கள். அந்த ஒரு வாரப் பொறுமை பெரிய வருத்தத்தைத் தடுக்கும்.

பிரெஞ்சுக் கடையில் வாங்கிய கார்ட்ரிட்ஜ் என்றால் அதில் என்ன மொழி இருக்கிறது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து ரோல் பிளேயிங் கேம்களில் சில, மொழிக்கு ஒரு கார்ட்ரிட்ஜ் என்று விற்கப்பட்டவை. பிக்சல் ரீமாஸ்டரில் அந்தக் கவலை இல்லை. அதில் ஆபரா காட்சியின் பாட்டைக்கூட பிரெஞ்சில் பாடி வைத்திருக்கிறார்கள், ஒருமுறையாவது கேட்க வேண்டும்.

ஊதுவது, ஈரம், சூறாவளி

கார்ட்ரிட்ஜ் ஓடவில்லை என்றால் வாயால் ஊதும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. எச்சில் ஈரம் தகட்டில் படிந்து நாளடைவில் பச்சை பிடிக்கும். கியூர்பிப், வாக்வா பக்கம் ஆண்டில் பாதி நாள் சுவரே வியர்க்கிறது. கடலோரத்தில் உப்புக் காற்று. இரண்டு இடத்திலும் ஊதுவது கெடுதலை வேகப்படுத்தும். பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு விட்டு, தகடுகளின் நீளவாக்கில் துடையுங்கள், குறுக்காக அல்ல. 90 விழுக்காட்டுக்கு மேல் உள்ளது நல்லது. மருந்தகத்தில் 70 மட்டும்தான் கிடைத்தால் அதில் மீதி தண்ணீர் என்பதை நினைவில் வைத்து, போடும் முன் ஒரு மணி நேரமாவது உலர விடுங்கள். மூடி இறுக்கமான டப்பாவில் சிலிகா ஜெல் பையோடு வைத்தால் போதும்.

சூறாவளிக் காலத்தில் நேரும் தவறு நேர்மாறானது. மூன்றாம் நிலை எச்சரிக்கை வந்து வீட்டில் அடைந்தபிறகுதான் கருவியைத் தேடுவார்கள். அதற்குள் மின்சாரம் போயிருக்கும். முதல் நிலை அறிவித்த அன்றே கருவியையும் பவர் பேங்கையும் முழுதாகச் சார்ஜ் செய்யுங்கள். ஸ்விட்ச் தூக்க நிலையில் மூன்று மணி நேரத்தில் நிறையும். மின்சாரம் திரும்பும் நேரத்தில் சார்ஜர் சுவரில் இருக்கக் கூடாது, அப்போது வரும் அலைதான் மின்பொருள்களைக் கொல்லும். மாதக்கணக்கில் ஆடாமல் வைப்பதாக இருந்தால் பேட்டரியைப் பாதி அளவில் வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது சார்ஜ் செய்யுங்கள். அடியோடு வற்றிய லித்தியம் பேட்டரி சில நேரம் திரும்ப எழாது.

சேவ் எங்கே இருக்கிறது

ஸ்விட்சில் மைக்ரோ எஸ்டி கார்டு போட்டிருப்பவர் பலரும் சேவ் அந்தக் கார்டில் இருப்பதாக நம்புகிறார்கள். இல்லை. கார்டில் இருப்பது விளையாட்டு மட்டும். சேவ் கருவியின் உள்நினைவகத்தில் இருக்கும். கருவியை விற்றுவிட்டுக் கார்டை மட்டும் எடுத்து வைத்தவருக்கு எதுவும் மிஞ்சாது. புதுக் கருவிக்குச் சேவை மாற்றும் வசதி அமைப்புகளில் இருக்கிறது, விற்கும் முன் அதைச் செய்யுங்கள். கிளவுட் சேவுக்கு ஆன்லைன் சந்தா வேண்டும்.

சொந்தக் கார்ட்ரிட்ஜிலிருந்து கோப்பு எடுத்து, எமுலேட்டர் (பழைய கருவியைப் போல நடிக்கும் மென்பொருள்) உள்ள கருவியில் ஆடுபவர்களுக்கு வேறு கண்ணி. சேவ் ஸ்டேட் என்பது அந்த நொடியின் நினைவகப் படம். எமுலேட்டரைப் புதுப்பித்தால் பழைய படத்தைத் திறக்க முடியாமல் போகலாம். விளையாட்டுக்குள்ளேயே போடும் சேவ் தனிக் கோப்பு, வேறு கருவிக்கும் நகரும். அதனால் ஸ்டேட்டை மட்டும் நம்பாதீர்கள். ரெட்ரோஆர்ச் என்ற எமுலேட்டர் மென்பொருளைப் பயன்படுத்தினால் இன்னொரு நுணுக்கம் உண்டு. உள்சேவை அது பல கருவிகளில் விளையாட்டை மூடும்போதுதான் கார்டில் எழுதும். பேட்டரி தீர்ந்து அணைந்தால், நீங்கள் போட்ட சேவ் எழுதப்படாமலே போகும். சேவிங் அமைப்புகளில் தானியங்கி இடைவெளியை 10 நொடி என்று வையுங்கள். கருவியோடு வந்த பெயரில்லாத கார்டைத் தூக்கிவிட்டு நல்லதொன்றைப் போடுவது அதைவிட முக்கியம்.

எந்த வழியானாலும் குறைந்தது இரண்டு இடத்தில் மாறி மாறிச் சேவ் போடுங்கள். பிக்சல் ரீமாஸ்டரின் தானியங்கிச் சேவ் இடம் மாறும்போதெல்லாம் முந்தையதன் மேல் எழுதிக்கொண்டே போகும். திரும்பிப் போக நினைக்கும் நேரத்தில் அது உங்களைத் தாண்டிப் போயிருக்கும்.

விளையாட்டுக்குள்

இப்போது விஷயத்துக்கு வருவோம். மறு ஆட்டத்தில் மிகுந்து காணும் தவறு, தொடக்கத்திலேயே லெவலை ஏற்றிக்கொள்வது. ஃபைனல் ஃபேன்டஸி 6-ல் லெவல் ஏறும்போது உயிர்ப்புள்ளியும் மந்திரப்புள்ளியும் மட்டும்தான் தானாக ஏறும். வலிமை, மந்திர ஆற்றல், வேகம் எதுவும் ஏறாது. அவற்றை ஏற்றுவது அந்த நொடியில் அணிந்திருக்கும் எஸ்பர், அதாவது மந்திரம் கற்பிக்கும் மந்திர உயிரி. முதல் எஸ்பர்கள் ஸோஸோ நகரத்தில்தான் கிடைக்கும். அதற்குமுன் ஏறிய ஒவ்வொரு லெவலும் கூடுதல் பலன் இல்லாமல் போன லெவல். புதிதாகச் சேர்பவரின் லெவலும் குழுவின் சராசரியைப் பார்த்தே அமைவதால், நீங்கள் ஏற்றிக்கொண்டால் அவர்களும் ஏறித்தான் வருவார்கள்.

இதை வெறியாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். ஒரு பலனும் இல்லாமலே கதையை முடிக்கலாம். செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஸோஸோ வரை வழியில் வரும் சண்டைகளோடு நிறுத்துங்கள். பிறகு மந்திரம் கற்க ஒரு எஸ்பரை அணிந்திருங்கள். அடுத்த லெவலுக்குச் சில நூறு புள்ளிதான் பாக்கி என்று நிலைத் திரையில் தெரிந்ததும் பலன் தரும் எஸ்பருக்கு மாற்றுங்கள். மந்திர ஆற்றலுக்கு ஸோனா சீக்கர் 2 புள்ளி தரும். வேகத்துக்குச் சூப்பர் ஃபாமிகாம் பதிப்பில் ஓடின் ஒன்றுதான். அதை ரைடனாக மாற்றிவிட்டால் வேகப் பலன் போய்விடும். அவசரப்பட்டு அந்த மாற்றத்தைச் செய்யும் ராணியின் சிலையைத் தேடி ஓடாதீர்கள்.

ஸ்விட்ச் பதிப்பில் அனுபவப் புள்ளியை 4 மடங்கு வரை உயர்த்தும் வசதி இருக்கிறது. அதை முதல் நாளே தொட்டால் லெவல் முன்னால் ஓடும், மந்திரம் பின்னால் நிற்கும், எந்தச் சண்டையும் சண்டையாக இருக்காது. வழியில் எதிரிகள் குறுக்கிடும் சந்திப்புகளை அணைக்கும் வசதி நல்லது. புதிர் உள்ள குகையில் வழி தேடும்போது மட்டும் அணைத்து, பிறகு போட்டுக்கொள்ளுங்கள்.

பழைய வழிகாட்டியை அப்படியே நம்புவது அடுத்தது. மூலப் பதிப்பில் அடியிலிருந்து விலகும் விகிதம் வேலையே செய்யாது. மந்திரத்திலிருந்து விலகும் விகிதமே இரண்டையும் பார்த்துக்கொண்டது. எதிரியை மறைய வைத்து மரண மந்திரத்தால் ஒரே அடியில் முடிக்கும் தந்திரமும் இன்னொரு பிழையால் வந்ததுதான். கேம் பாய் அட்வான்ஸ் பதிப்பில் இவை சரிசெய்யப்பட்டன. 90-களின் குறிப்பை வைத்து உடை தேர்ந்தால் தவறான உடையில் நிற்பீர்கள். மறுபக்கம், கேம் பாய் அட்வான்ஸில் சேர்த்த டிராகன் குகையும் நான்கு புது எஸ்பர்களும் பிக்சல் ரீமாஸ்டரில் இல்லை. இல்லாததைத் தேடி மாலைகளைச் செலவழிக்காதீர்கள்.

திரும்ப வராத இடங்கள் மூன்றை நினைவில் வையுங்கள். பேரரசரின் விருந்துக்கு முன் 4 நிமிடத்தில் 24 வீரர்களிடம் பேச வேண்டும். வழியில் சிலர் சண்டைக்கு வருவார்கள், அவர்களை வேகமாக முடியுங்கள். குறைவாகப் பேசினால் பரிசும் குறையும். இரண்டாவது, மிதக்கும் கண்டம். 6 நிமிடக் கடிகாரம் ஓடும்போது விளிம்புக்கு வந்தால் குதிப்பதா காத்திருப்பதா என்று கேட்கும். காத்திருங்கள். 5 நொடி பாக்கி இருக்கும்போதுதான் குழுவில் ஆடக் கிடைப்பவர்களில் ஒருவனான ஷேடோ வருவான். முன்னமே குதித்தால் அவன் அந்த ஆட்டத்தில் இனி இல்லை. அந்தக் கண்டத்தில் இருக்கும் சேவ் இடத்தில் தனி சேவ் ஒன்று போட்டு அதன்மேல் எழுதாமல் வைத்திருங்கள். மூன்றாவது, நார்ஷே ஆயுதக் கடையில் ராக்னராக்கை வாளாக வாங்குவதா எஸ்பராக வாங்குவதா என்பது. எஸ்பர் அல்டிமா மந்திரம் கற்பிக்கும். அதைத்தான் எடுக்கச் சொல்வோம்.

கடைசியாக, நான்கு பேரை மட்டும் வளர்ப்பது. 14 பேர் கிடைக்கும் விளையாட்டு இது. ஃபீனிக்ஸ் குகைக்கு இரண்டு குழு வேண்டும், வில்லன் கேஃப்காவின் கோபுரத்துக்கு மூன்று குழு. பிடித்த நால்வரோடே ஓடியவர் கோபுரத்தின் வாசலில் நின்று, மந்திரமே தெரியாத எட்டுப் பேரை இழுத்துக்கொண்டு போவார். உலகம் பாழான பிறகு ஆகாயக் கப்பல் கிடைத்ததிலிருந்தே ஆட்களைச் சுழற்றுங்கள். ஒவ்வொரு குழுவிலும் குழு முழுவதையும் குணப்படுத்தத் தெரிந்தவர் ஒருவரும், விழுந்தவரை எழுப்பத் தெரிந்தவர் ஒருவரும் இருக்க வேண்டும். எஸ்பர்களையும் நல்ல அணிகலன்களையும் ஒரே குழுவில் குவிக்காமல் மூன்றாகப் பிரித்துவிட்டு உள்ளே போங்கள். இறுதிச் சண்டைக்கு முன் 12 பேரின் வரிசையை நீங்களே அமைக்கும்படி கேட்கும். விழுந்தவர்களின் இடத்தில் அந்த வரிசைப்படிதான் அடுத்தவர் வருவார் என்பதால் வலுவானவர்களை முதல் எட்டு இடத்துக்குள் வைத்துவிடுங்கள்.