கல்லூரி மாணவருக்குப் பழைய மடிக்கணினி வாங்குவது எப்படி?

கல்லூரியில் சேரும் பிள்ளைக்கு 25,000 ரூபாய்க்குள் மடிக்கணினி வேண்டுமென்றால், அந்த விலைக்குக் கிடைக்கும் மலிவான புதுக் கணினியைவிட, ஏதேனும் ஒரு பெரிய நிறுவனம் தன் ஊழியர்களுக்குக் கொடுத்துச் சில ஆண்டுகள் கழித்து மொத்தமாகக் கழித்துவிட்ட அலுவலக மடிக்கணினியே நல்லது என்பது என் உறுதியான கருத்து. லெனோவோவின் திங்க்பேட், டெல்லின் லேட்டிட்யூட், ஹெச்பியின் எலைட்புக் ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. நாள் முழுவதும் உழைப்பதற்கென்றே செய்யப்பட்டவை என்பதால் இவற்றின் கீலும் விசைப்பலகையும் எளிதில் தளர்வதில்லை. பெரும்பாலான மாடல்களில் பின்மூடியின் திருகாணிகளைக் கழற்றினால் ரேம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்), எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் இடம்), பேட்டரி மூன்றையும் மாற்றிக்கொள்ளலாம். மலிவான புதுக் கணினிகள் பலவற்றில் ரேம் மதர்போர்டு என்ற தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால், இரண்டாம் ஆண்டில் வேகம் போதவில்லை என்றால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

கடைக்குப் புறப்படும் முன் கல்லூரி அலுவலகத்தில் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்கப்படும் என்று தமிழ்நாடு அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. உங்கள் பிள்ளையின் பெயர் பட்டியலில் இருந்தால் இந்தச் செலவே தேவைப்படாமல் போகலாம். அதேபோல், அரசு முத்திரை பொறித்த விலையில்லா மடிக்கணினி விற்பனைக்கு வந்தால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள். அது இன்னொரு மாணவரின் படிப்புக்காகக் கொடுக்கப்பட்டது.

அடுத்தது கணினியின் மூளையான பிராசசர். விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. எனவே விண்டோஸ் 11 ஓடும் கணினியே வேண்டும். அதற்கு, மிகச் சில விதிவிலக்குகள் தவிர, இன்டெல் பிராசசரில் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். விற்பவர்கள் இங்கேதான் வாங்குபவரைக் குழப்புகிறார்கள். இன்டெல் வரிசையில் ஐ5-ஐவிட ஐ7 உயர்ந்தது என்பதால், 'ஐ7 சார், ஐ5 விலைக்கே தருகிறோம்' என்பார்கள். எடுத்துப் பார்த்தால் அது நான்காம் தலைமுறையைச் சேர்ந்த ஐ7-4600யு ஆக இருக்கும். அதில் இருப்பது இரண்டு கோர்கள்தான் (கோர் என்பது பிராசசருக்குள் கணக்கிடும் தனி அலகு). எட்டாம் தலைமுறை ஐ5-8250யு-வில் நான்கு கோர்கள் உள்ளன. பிராசசர் பெயரில் உள்ள சிறுகோட்டுக்குப் பின் வரும் எண்ணில் முதல் இலக்கம் தலைமுறையைச் சொல்லும். பத்தாம் தலைமுறை முதல் முதலிரண்டு இலக்கங்களைப் பார்க்க வேண்டும். கடைக்காரர் சொல்வதையும் மேலே ஒட்டிய ஸ்டிக்கரையும் விட்டுவிட்டு, விண்டோஸ் அமைப்புகளில் 'சிஸ்டம்' பகுதியில் உள்ள 'அபவுட்' பக்கத்தைத் திறந்து நீங்களே படியுங்கள்.

திங்க்பேட் டி480, லேட்டிட்யூட் 7490, எலைட்புக் 840 ஜி5 ஆகிய மூன்றும் எட்டாம் தலைமுறையில் வந்தவை. மூன்றிலும் ரேமுக்கு இரண்டு இடங்கள் உண்டு. 8 ஜிபி ரேமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் குறைந்தபட்சத் தேவை. 16 ஜிபி கிடைத்தால் நான்கு ஆண்டும் கவலையில்லை. திரை 1920க்கு 1080 ஆக இருக்கட்டும். இதே மாடல்களில் சில 1366க்கு 768 திரையுடனும் வந்திருப்பதால், பெயரை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. வணிகவியல், கலை, அடிப்படை நிரலாக்கம் ஆகியவற்றுக்கு இது தாராளம். விஷுவல் கம்யூனிகேஷனில் காணொளித் தொகுப்பு செய்பவருக்கும், முப்பரிமாண வடிவமைப்பில் இறங்கும் இயந்திரவியல் மாணவருக்கும் தனி கிராஃபிக்ஸ் (படங்களைக் கையாளத் தனியாக உள்ள சில்லு) தேவைப்படும். அவர்கள் முதலாண்டை ஆய்வகக் கணினியில் சமாளித்துவிட்டுத் தொகையைச் சேர்த்து வாங்குவதே சரி.

சென்னையில் இருப்பவர்களுக்கு அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவும் அதன் அக்கம்பக்கமும் இதற்குப் பெயர்போன இடம். வார நாளில் காலையிலேயே போனால் கடைக்காரர் அவசரப்படுத்தாமல் காட்டுவார். நோட்பேடைத் திறந்து ஒவ்வொரு விசையையும் அழுத்திப் பாருங்கள். முழுத்திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றை வைத்தால் கறையும் செத்த புள்ளியும் தெரிந்துவிடும். எல்லா யுஎஸ்பி துளைகளிலும் பென்டிரைவைச் செருகிச் சோதியுங்கள். கேமராவும் மைக்கும் வேலை செய்கின்றனவா என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்; இறுதியாண்டில் வேலைவாய்ப்புத் தேர்வுகளை வீட்டிலிருந்து கேமரா முன் எழுத நேரலாம். டெல் கணினியோடு போலிச் சார்ஜரைக் கொடுத்தால், சார்ஜரை அடையாளம் காண முடியவில்லை என்ற எச்சரிக்கை கணினி தொடங்கும்போதே திரையில் வரலாம், பேட்டரியும் ஏறாமல் போகலாம்.

பேட்டரியைப் பற்றி வாய்ச்சொல் எதையும் ஏற்காதீர்கள். விண்டோஸில் பவர்சிஎஃப்ஜி (powercfg /batteryreport) என்ற கட்டளையைக் கொண்டு பேட்டரி அறிக்கை எடுக்கலாம். கட்டளையை முன்பே வீட்டில் ஒருமுறை செய்து பழகிக்கொண்டு போங்கள். அறிக்கையில் 'டிசைன் கெப்பாசிட்டி' 50,000 என்றும் 'ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி' 31,000 என்றும் இருந்தால், பேட்டரியின் உயிர் 62 சதவீதம்தான் மிச்சம் என்று பொருள். எழுபத்தைந்துக்குக் கீழே இருந்தால் மாற்றுப் பேட்டரியின் விலையைக் கழித்துத்தான் பேரம் பேச வேண்டும். இரண்டு எண்களும் அச்சாக ஒன்றாகவும், பேட்டரி எத்தனை முறை ஏறி இறங்கியது என்பதைச் சொல்லும் சைக்கிள் எண்ணிக்கை பூஜ்யமாகவும் இருந்தால், அது விற்பனைக்காக அண்மையில் போட்ட பேட்டரியாக இருக்கக்கூடும். யார் தயாரித்தது என்று கேளுங்கள். டச்பேட் ஒரு பக்கம் மேலெழும்பியிருந்தால் உள்ளே பேட்டரி வீங்கியிருக்கக்கூடும். அந்தக் கணினியை அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது பூட்டைத்தான். நிறுவனங்கள் தம் கணினிகளைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் பதிவேட்டில் சேர்த்து வைத்திருக்கும். கழித்துவிடும்போது அதிலிருந்து நீக்க மறந்துவிட்டால், கணினி வாங்கியவர் கையில் நன்றாக ஓடிக்கொண்டே இருந்து, என்றோ ஒருநாள் விண்டோஸைப் புதிதாக நிறுவும்போது அந்த நிறுவனத்தின் பெயரைக் காட்டி அலுவலகக் கடவுச்சொல்லைக் கேட்கும். ஆகவே பணம் கொடுக்கும் முன், கடையிலேயே விண்டோஸை ரீசெட் (அழித்துப் புதிதாகத் தொடங்குதல்) செய்யச் சொல்லி, உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, அது தனிநபர் கணினியாகத் திறக்கிறதா என்று பாருங்கள். இதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம். இருந்து பார்த்துவிட்டே வாருங்கள், ஏனென்றால் இந்தப் பூட்டைக் கடைக்காரரால் முறையாக அவிழ்த்துத் தர முடியாது. விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை அமைப்பான பயாஸிலும் நுழைந்து, கடவுச்சொல் கேட்கவில்லை என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். பழைய மேக்புக் வாங்குவோர் முந்தைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்கு நீங்கியிருப்பதையும் பார்க்க வேண்டும்.

ரீசெட் செய்வதில் இன்னொரு பயனும் உண்டு. விண்டோஸுடன் விற்கப்பட்ட அலுவலகக் கணினிகளின் உரிமம் பொதுவாக மதர்போர்டிலேயே பதிந்திருப்பதால், இணையத்தில் இணைந்ததும் விண்டோஸ் தானே செயல்பாட்டுக்கு வந்துவிடும். திருட்டு மென்பொருளோ அதோடு ஒட்டிவரும் வைரஸோ தேவையில்லை.

இணையத்தில் விளம்பரம் பார்த்துத் தனிநபரிடம் வாங்குவதானால், நேரில் கணினியைப் பார்க்கும் வரை ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். ராணுவத்தில் பணிபுரிவதாகவும் திடீரென இடமாற்றம் வந்துவிட்டதாகவும் சொல்லி முன்பணம் கேட்பது நாடு முழுவதும் நடக்கும் மோசடி. விற்பவரிடம் முதலில் வாங்கிய ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். திருட்டுப் பொருளானால் பிரச்சினை உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும்.

கடையில் வாங்கினால் ஜிஎஸ்டி பில்லில் மாடலோடு சீரியல் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். உத்தரவாதம் எத்தனை மாதம், பேட்டரிக்கும் சார்ஜருக்கும் அது பொருந்துமா என்பதையும் அதே பில்லில் எழுதி முத்திரை வைத்துத் தரக் கேளுங்கள். வீட்டுக்கு வந்த முதல் நாளே தயாரிப்பாளரின் தளத்தில் சீரியல் எண்ணை இட்டு, பயாஸ், ஃபர்ம்வேர் (கணினியின் பாகங்களுக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்) புதுப்பிப்புகளை நிறுவிவிடுங்கள். டி480 வாங்கியவர்கள் டைப்-சி துளையை இயக்கும் தண்டர்போல்ட் ஃபர்ம்வேர் புதுப்பிப்பைத் தள்ளிப்போடவே கூடாது. பழைய பதிப்பில் உள்ள குறையால் டைப்-சி சார்ஜிங் துளையே செயலிழந்துபோக வாய்ப்புண்டு. பில் வெப்பத்தாளில் அச்சிட்டதாக இருந்தால் சில மாதங்களில் எழுத்து மங்கிவிடும் என்பதால், அன்றே போனில் படம் பிடித்து மின்னஞ்சலிலும் ஒரு நகல் போட்டு வையுங்கள்.