வாசிகசாலையில் தோமஸ் பெயினைப் பற்றி இருபது நிமிடம் பேசுவது எப்படி

போயா நாள் பின்னேரம் வாசிகசாலையில் கூட்டம், யாராவது ஒரு எழுத்தாளரைப் பற்றிப் பேசுங்கள் என்று உங்கள் தலையில் கட்டிவிட்டார்களா? அமெரிக்க விடுதலைக்காகப் பேனா பிடித்த ஆங்கிலேயர் தோமஸ் பெயினைத் தாராளமாக எடுக்கலாம். களுவாஞ்சிக்குடியோ அக்கரைப்பற்றோ, முன்வரிசையில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் உயர்தரப் பிள்ளைகளும்தான் இருப்பார்கள். இரண்டு பேருக்கும் இந்த மனுசனிடம் விஷயம் இருக்கிறது.

1737இல் இங்கிலாந்தின் தெட்ஃபோர்டில் பிறந்தார் என்று மட்டும் தொடங்க வேண்டாம், பின்வரிசை ஃபோனை எடுத்துவிடும். சம்பளத்தில் தொடங்குங்கள். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் பள்ளியை விட்டு, பெண்கள் இடுப்பை இறுக்கிக் கட்டும் உள்ளாடை தைக்கும் அப்பாவின் தொழிலைப் பழகி, அப்புறம் நம்மூர் மதுவரி உத்தியோகத்தர் போல ஒரு வேலைக்குப் போனவர் அவர். 1772இல் சக உத்தியோகத்தர்களுக்காக ஒரு சம்பளக் கோரிக்கை எழுதினார். வருடச் சம்பளம் 50 பவுண், அதற்குள்தான் குதிரையையும் வைத்துப் பராமரிக்க வேண்டும், எல்லாம் கழித்தால் ஒரு நாளைக்கு மிஞ்சுவது ஒரு ஷில்லிங்கும் ஒன்பதேகால் பென்சும். இந்தக் கணக்கைப் பலகையில் எழுதிக் காட்டுங்கள். சம்பளம் வாங்கிய எவருக்கும் அதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

கோரிக்கை எடுபடவில்லை. 1774இல் வேலையும் போனது, அனுமதி இல்லாமல் கடமையை விட்டுப் போனார் என்று. அதற்கு முன்னரும் ஒரு தடவை, போய்ப் பார்க்காத சரக்கைப் பார்த்ததாகப் பதிந்து பிடிபட்டவர். இதை மறைக்காதீர்கள், ஆளைத் தியாகியாக்கினால் கேள்வி நேரத்தில் நீங்கள்தான் மாட்டுவீர்கள்.

அந்த வருடமே அமெரிக்கப் பிரமுகர் பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் அறிமுகக் கடிதத்தோடு அமெரிக்காவின் பிலடெல்பியாவுக்குப் போகிறார். 1776 ஜனவரியில், அமெரிக்கா பிரிட்டிஷ் ராஜாவை விட்டுப் பிரிய வேண்டும் என்று வாதாடும் அவருடைய சிறுநூல் ‘கொமன் சென்ஸ்’ வருகிறது, ஆசிரியர் பெயர் போடாமல். எத்தனை இலட்சம் விற்றது என்று மட்டும் அடித்துச் சொல்லாதீர்கள், இணையத்தில் சுற்றும் எண்ணிக்கைகள் நம்பத்தக்கவை அல்ல. மூன்று மாதத்தில் 1,20,000 என்பது பெயினே சொன்ன கணக்கு. அப்படியே, அவர் சொன்னது என்றே சொல்லுங்கள்.

நேரத்தைச் செலவழிக்க வேண்டியது அவர் எழுதிய விதத்தில். படித்தவர்கள் லத்தீன் மேற்கோளை அடுக்கிய காலத்தில் இவர் எல்லோர் வீட்டிலும் இருந்த பைபிளை எடுத்து, இஸ்ரவேலர் சாமுவேலிடம் ராஜா வேண்டுமென்று கேட்ட கதையை வைத்தே முடியாட்சியை உடைத்தார். கண்ணகி அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்குக்கு வந்திருக்கும் சனத்திடம் கண்ணகி வழக்குரையை வைத்து அரசனின் குற்றத்தைப் பேசுவது போல என்று சொல்லிப் பாருங்கள், சட்டென்று பிடிபடும்.

பிரெஞ்சுப் புரட்சிக்குப் போனால் தேதிகளில் தொலைந்துவிடுவீர்கள், இரண்டு விஷயம் போதும். பிரெஞ்சு ராஜா பதினாறாம் லூயியைக் கொல்ல வேண்டாம், நாடு கடத்தினால் போதும் என்று பிரெஞ்சு மொழி சரியாகத் தெரியாமலே மன்றத்தில் வாதாடினார். பின்பு பெயினையே பாரிஸில் இருந்த லக்சம்பேர்க் சிறையில் போட்டார்கள். தலை வெட்டப்படுவோரின் அறைக் கதவில் சோக்கட்டியால் குறி போடுவார்களாம். அந்த நேரம் பெயினின் அறைக் கதவு வெளிப்பக்கமாக முழுக்கத் திறந்து சுவரோடு கிடந்ததால் குறி உள்பக்கத்தில் விழுந்தது, இரவில் கதவைச் சாத்தியதும் வெளியே தெரியவில்லை. இதுவும் அவரே எழுதி வைத்த கதைதான். வாசிகசாலைக் கதவையே திறந்து மூடிக் காட்டுங்கள், பிள்ளைகள் எழும்பி நின்று பார்ப்பார்கள்.

ஓய்வூதியக்காரர்களுக்கு ஒன்று வைத்திருங்கள்: 1792இலேயே, வசதியில்லாதவர்களுக்கு ஐம்பது வயதிலிருந்து வருடம் 6 பவுண், அறுபதிலிருந்து 10 பவுண் என்று திட்டம் எழுதியவர் இவர்.

கடைசியில் ஒருவர் கட்டாயம் கேட்பார், ஆள் நாத்திகனா என்று. இல்லை, ஒரே கடவுளை நம்பினார், ஆனால் எந்த மத நிறுவனத்தையும் ஏற்கவில்லை, 1809இல் நியூயோர்க்கில் இறந்தபோது அடக்கத்துக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான் வந்தார்கள் என்பதற்கு அதுவும் ஒரு காரணம். அதற்குமேலும் விவாதம் நீண்டால் பிளேன்டீயைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.