தோட்டமில்லாத வீட்டில் பூனைக்கு ஒரு வேலை

வெளிநாடு வந்த புதிதில் நம்மில் பலருக்கு வாய்ப்பது அடுக்குமாடியில் ஒன்றோ இரண்டோ அறைதான். கையகலப் பால்கனி இருந்தால் அதிர்ஷ்டம். அந்த வீட்டுக்குள் ஒரு பூனையும் வந்துவிட்டால், ஓடித் திரிய வேண்டிய உயிரை அடைத்து வைத்திருக்கிறோமே என்ற குற்ற உணர்ச்சியும் கூடவே குடிவந்துவிடும். புதிதாக வந்தவர்கள் என்னிடம் முதலில் கேட்பதும் இதைத்தான்: "வீடு சின்னதாக இருக்கிறதே, பூனை தாங்குமா?"

தாங்கும். எங்கள் கறுப்பி ஆறு வருடமாக ஐந்தாவது மாடியில் இருக்கிறாள். மருத்துவரிடம் போகும்போது மட்டும்தான் வாசலைத் தாண்டுவாள். சதுர அடி அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. வேலையில்லாமல் இருப்பதைத்தான் பூனையால் தாங்க முடியாது. வெளியே திரியும் பூனைக்குப் பதுங்க, துரத்த, ஏற, மோந்து பார்க்க, எல்லையைக் காவல் காக்க என்று நாள் முழுக்க ஏதாவது இருக்கிறது. வீட்டுப் பூனைக்கு அதையெல்லாம் நாம்தான் ஏற்பாடு செய்து தர வேண்டும். வந்த இடத்தில் வேலை கிடைக்கும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

முதலில் ஒப்பந்தம், பிறகு ஜன்னல்

வாடகை ஒப்பந்தத்தில் செல்லப்பிராணிகளைப் பற்றி ஒரு வரி எங்காவது இருக்கும், தேடிப் படியுங்கள். வீட்டுக்காரர் வாயால் "பரவாயில்லை" என்றது போதாது. ஒரு மின்னஞ்சலாவது அனுப்பி எழுத்தில் சம்மதம் வாங்கி வையுங்கள். வீட்டைக் காலி செய்யும் நாளில் கதவுச் சட்டத்து நகக்கீறலை வைத்து முன்பணத்தில் கை வைக்கும்போதுதான் அந்த மின்னஞ்சலின் அருமை தெரியும்.

அடுத்தது ஜன்னல். எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் பூனை நான்கு காலில் நிற்கும் என்று சொல்லியே நாம் வளர்ந்திருக்கிறோம். காற்றிலேயே உடலைத் திருப்பிக்கொள்வது உண்மைதான். ஆனால் காலூன்றி விழுவது வேறு, அடிபடாமல் விழுவது வேறு. நியூயார்க்கில் மாடிகளிலிருந்து விழுந்து மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட 132 பூனைகளைப் பற்றிய ஆய்வு ஒன்று 1987இல் வெளிவந்தது. சிகிச்சை பெற்றவற்றில் 90 சதவீதம் பிழைத்தன என்பதை மட்டும் எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். நெஞ்சிலும் தாடையிலும் கால்களிலும் பட்ட அடியை யாரும் சொல்வதில்லை. விழுந்த இடத்திலேயே செத்த பூனையை யாரும் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போகமாட்டார்கள், அதனால் அவை அந்தக் கணக்கில் வரவும் இல்லை. கொசுவலையை நம்பாதீர்கள், ஒரு பறவையைப் பார்த்துப் பூனை பாய்ந்தால் வலை சட்டத்தோடு பெயர்ந்துவிடும். பூனைக்கென்றே விற்கும் கெட்டி வலையைப் போடுங்கள், பால்கனிக்கும் சேர்த்து.

கைப்பிடியை ஒரு பக்கம் திருப்பினால் மேல்பாகம் மட்டும் உள்பக்கமாகச் சாயும் ஜன்னல்கள் பல நாடுகளில் உண்டு. நம்மில் பலருக்கு அது புதிது. காற்றுக்கும் நல்லது, மழையும் வராது, ஆனால் பூனைக்கு அது பொறி. மேல் இடைவெளி வழியே வெளியேறப் பார்க்கும் பூனை வழுக்கி, பக்கவாட்டுச் சந்தில் இடுப்பு சிக்கிக்கொள்ளும். திமிறத் திமிறக் கீழே இறங்கி இறுகும். நாம் வேலைக்குப் போயிருந்தால் தூக்கிவிட ஆள் இல்லை. பக்கச் சந்தை மறைக்கும் தடுப்பு விற்கிறார்கள். அதுவரை வீட்டில் ஆள் இல்லாதபோது அந்த ஜன்னலை முழுதாகச் சாத்திவிடுங்கள்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். கண்ணாடித் தட்டு அடுப்பில் தீயே தெரியாது, அணைத்த பிறகும் வெகுநேரம் சுடும். தொட்டால் எரியும் அடுப்பாக இருந்தால் பூனையின் பாதமே அதை ஏற்றிவிடும். குழந்தைகளுக்காக வைத்திருக்கும் பூட்டு அதில் இருக்கும். சமைத்து முடித்ததும் அதைப் போடுங்கள். துணி உலர்த்தும் இயந்திரத்தின் உட்புறம் பூனைக்குக் கதகதப்பான குகை. கதவைச் சாத்துமுன் கையை விட்டுத் துழாவிப் பாருங்கள். கறுப்புத் துணிக்கு நடுவே கறுப்புப் பூனை படுத்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது, எனக்கு ஒருமுறை தெரியவில்லை. பொத்தானை அழுத்தப் போன விரலை ஒரு சின்ன "ம்யாவ்" நிறுத்தியது.

தரையைவிடச் சுவர் முக்கியம்

புது வீட்டுக்குள் நுழைந்ததும் பூனையைக் கூடத்தில் திறந்துவிடாதீர்கள். முதல் சில நாள் ஒரே அறை போதும்: அதில் சாப்பாடு, தண்ணீர், மணல்பெட்டி, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி, பழைய வாசனையுள்ள ஒரு போர்வை. அந்தப் போர்வையைத் துவைத்துவிடாதீர்கள். பூனைக்கு வீடு என்பது முதலில் வாசனை, பிறகுதான் சுவர். கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தெடுத்துக் கொஞ்சவும் வேண்டாம்; தானாக வரும்.

பிறகு உயரத்தைப் பற்றி யோசியுங்கள். அலமாரியின் உச்சி, புத்தகத் தட்டின் மேல்வரிசை, ஜன்னலோர மேடை என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும் வழி அமைந்தால் இரண்டு அறை வீடு அதற்கு இரட்டிப்பாகிவிடும். சுவரில் துளையிட அனுமதி இல்லையென்றால் தரையில் நிற்கும் உயரமான பூனை மரம் (பூனை ஏறி உட்காரத் தட்டுகள் வைத்த தூண்) ஒன்று வாங்கலாம். அடிப்பாகம் கனமாக இருக்க வேண்டும். ஒருமுறை ஆடிவிட்டால் பூனை அதை நம்பாது. வைக்க வேண்டிய இடம் ஜன்னலோரம். எதிர்மரத்துக் குருவியும் தெருவில் போகும் நாயும் அதற்கு ஒரு முழு அலுவல். கண்ணாடிக்கு அப்பால் பறவையைப் பார்த்துத் தாடை நடுங்க "கெக் கெக்" என்று ஒரு சத்தம் போடும். பயந்துவிடாதீர்கள், நோய் ஒன்றுமில்லை.

வேட்டை

இதை மட்டும் ஒழுங்காகச் செய்தால் மற்றதில் பாதி தானாகச் சரியாகிவிடும். நாளுக்கு இரண்டு தடவை, தடவைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம். குச்சி நுனியில் கயிறும் இறகும் கட்டிய சாதாரணப் பொம்மை போதும்.

எப்படி ஆட்டுகிறோம் என்பதில்தான் சூட்சுமம். புதிதாக வாங்கியவர்கள் இறகைப் பூனையின் மூக்குக்கு நேரே கொண்டுபோய்ச் சுழற்றுவார்கள். பூனை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். "எங்கள் பூனைக்கு விளையாடவே தெரியவில்லை" என்பார்கள். எந்த எலியும் தானாகப் பூனையின் வாய்க்குள் ஓடி வராது. தவிர, சுமார் 25 சென்டிமீட்டருக்கு உள்ளே இருக்கும் பொருள் பூனைக்கு மங்கலாகத்தான் தெரியும். இறகு விலகிப் போக வேண்டும், குறுக்கே ஓட வேண்டும், கதவின் பின்னால் மறைய வேண்டும், திடீரென்று நின்றுவிடவும் வேண்டும். கறுப்பிக்கு மிகவும் பிடித்தது கம்பளத்தின் அடியில் குச்சி மெல்ல நகர்வது. காதை முன்னால் திருப்புவாள், கண்மணி விரியும், பின்பாகம் இடவலமாக ஆடும். அந்த ஆட்டத்தைப் பார்த்தால் பாய்ச்சலுக்கு இரண்டு விநாடி இருக்கிறது என்று அர்த்தம்.

பிடிக்க விடுங்கள். கடைசிவரை கைக்கு எட்டாத வேட்டை பூனையை எரிச்சல்படுத்தும். சிவப்பு லேசர் புள்ளி எனக்குப் பிடிக்காததற்கும் அதுவே காரணம். பிடிக்க அங்கே ஒன்றுமே இல்லை. வேட்டை முடிந்ததும் சாப்பாடு. பதுங்கல், துரத்தல், பிடித்தல், தின்னல், உடம்பை நக்கிச் சுத்தம் செய்தல், தூக்கம். பூனையின் நாள் இந்த வரிசையில்தான் ஓடுகிறது.

விடிகாலை நான்கரை மணிப் பாட்டுக்கும் மருந்து இதுவே. பூனை விடியலிலும் அந்தியிலும் துடிப்பாக இருக்கும் பிராணி. முதல் வருடம் கறுப்பி கத்தும்போதெல்லாம் கீழ்வீட்டுக்காரருக்குப் பயந்து எழுந்து தட்டில் போட்டேன். கத்தினால் சோறு வரும் என்று நானே பாடம் நடத்தியிருக்கிறேன். இப்போது படுக்குமுன் ஒரு வேட்டை, உடனே அன்றைய பெரிய சாப்பாடு. நான்கரைக்குக் கத்தினால் எழுவதில்லை. முதல் பத்து நாள் கத்தல் கூடத்தான் செய்தது, அதில் மனம் இளகினால் எல்லாம் பாழ். கீழ்வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டேன்.

பகலில் நாம் இல்லாத நேரத்துக்கு உலர் உணவில் ஒரு பங்கை வீட்டில் நாலைந்து இடங்களில் ஒளித்து வையுங்கள். முட்டை அட்டையின் குழிகளில் போட்டால் பாதத்தால் தோண்டி எடுக்கும். ஒரே மூச்சில் விழுங்கித் தூங்கும் பூனை, கருத்தடையும் ஆகியிருந்தால், சீக்கிரமே ஊதிப்போகும். கேட்னிப் என்ற செடியின் இலை அடைத்த பொம்மைக்கு மூன்றில் இரண்டு பூனைகள்தான் மயங்கும், குட்டிகள் மயங்கவே மயங்காது. உங்கள் பூனை சும்மா இருந்தால் அது பரம்பரைக் குணம்.

நகம்

சோபாவைக் கீறுகிறது என்று அடிக்காதீர்கள். அடித்தால் நீங்கள் இல்லாதபோது கீறக் கற்றுக்கொள்ளும். நகத்தின் மேலுறையைக் கழற்ற, முதுகை நீட்டி முறிக்க, பாதத்தில் உள்ள சுரப்பிகளால் "இது என் இடம்" என்று எழுதிவைக்க பூனை கீறித்தான் ஆக வேண்டும். நான் முதலில் வாங்கியது முழங்கால் உயரக் கட்டை. அசிங்கமாக இருக்கிறதென்று கதவின் பின்னால் வைத்தேன். யாரும் பார்க்காத மூலையில் யார் பெயர்ப்பலகை மாட்டுவார்கள்? கறுப்பி சோபாவின் கையையே உரித்தாள். பிறகு சணல்கயிறு சுற்றிய, 90 சென்டிமீட்டர் உயரமுள்ள, தள்ளினாலும் அசையாத தூண் ஒன்றைச் சோபாவின் அந்தக் கைக்கு ஒட்டியபடி நிறுத்தினேன். ஒரு வாரத்தில் இடம் மாறினாள். நகத்தையே எடுத்துவிடும் அறுவைச் சிகிச்சையை யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். வெட்டப்படுவது ஒவ்வொரு விரலின் கடைசி எலும்பு; பல நாடுகளில் அது தடைசெய்யப்பட்டது.

மணல்பெட்டி

வீட்டுக்குள்ளேயே பூனை வளர்ப்பது பரவலானதற்கு இந்தப் பெட்டிக்குள் இருப்பதே பெரிய காரணம். அமெரிக்காவில் எட்வர்ட் லோ என்பவர் 1947இல் உறிஞ்சும் களிமண்ணைப் பூனைக்கென்று விற்கத் தொடங்கும்வரை மணலும் சாம்பலும்தான். பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு பெட்டி கூடுதலாக வைக்கச் சொல்வார்கள். சின்ன வீட்டில் அது கஷ்டம்தான், ஆனாலும் ஒரு பூனைக்கு இரண்டு என்பதை முடிந்தால் கடைப்பிடியுங்கள், பக்கத்துப் பக்கத்தில் வேண்டாம். கடையில் விற்கும் பெட்டிகள் பெரும்பாலும் சிறியவை. பூனையின் உடல் நீளத்தில் ஒன்றரை மடங்கு வேண்டும். துணி போட்டு வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டிவிட்டால் வேலை முடிந்தது. வாசனை சேர்த்த மணல் நம் மூக்குக்கு, பூனைக்கு அது தொல்லை. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலும், திடீரென்று அதிரும் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்திலும் பெட்டியை வைக்காதீர்கள். மலத்தையும், சிறுநீர் பட்டுக் கட்டியான மணலையும் தினமும் அள்ளுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்த வேலையை வேறொருவர் செய்ய வேண்டும். பூனை மலத்தில் கருவைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா கிருமி இருந்தால் அது தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். அன்றன்றைக்கு அள்ளச் சொல்வது அதனாலும்தான்.

மருத்துவரும் விஷமும்

வந்த முதல் மாதமே ஒரு கால்நடை மருத்துவரிடம் பதிந்துவிடுங்கள். இரவிலும் விடுமுறையிலும் எங்கே போவது என்பதையும் அப்போதே கேட்டு வையுங்கள். காப்பீடு எடுப்பதானால் நோய் வருமுன் எடுங்கள். ஏற்கனவே உள்ள நோயைப் பொதுவாக ஏற்கமாட்டார்கள். வெளியே போகாத பூனைக்கும் தடுப்பூசி வேண்டும். கிருமி நம் செருப்பிலேயே வரும்.

யாராவது பூங்கொத்து கொண்டுவந்தால் அதில் லில்லி இருக்கிறதா என்று வாசலிலேயே பாருங்கள். ரோமத்தில் உதிர்ந்த மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும். வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களைச் சிதைக்கும், அதனால் நம் தட்டு மிச்சம் வேண்டாம். பாராசிட்டமால் ஒரே மாத்திரை உயிரை எடுக்கும். சில நாடுகளில் அதன் பெயர் அசிட்டமினோஃபென். நாய்க்கான தெள்ளு மருந்தில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கலாம், அதைப் பூனைமேல் விடவே கூடாது. தையல் நூலையும் பரிசுப்பொதி நாடாவையும் மேசைமேல் விடாதீர்கள். விழுங்கினால் குடலைச் சுருக்கி அறுக்கும்.

ஆண்பூனை மணல்பெட்டிக்கும் வெளிக்குமாக அலைந்து, முக்கி முக்கிச் சிறுநீர் வராமல் நின்றால் காலைவரை காத்திருக்காதீர்கள். அடைத்துக்கொண்ட பூனை ஒன்றிரண்டு நாளில் செத்துவிடும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாத பூனையையும் காட்டியே ஆக வேண்டும், பட்டினியில் அதன் ஈரல் கெட்டுவிடும்.

வெளியூர் போவதானால் பூனையை இடம் மாற்றுவதைவிட ஒருவரிடம் சாவியைக் கொடுத்து, நாளுக்கு ஒருமுறை வந்து போகச் சொல்வது நல்லது. எங்களுக்கு மேல்மாடி அக்கா வருகிறார். முதல் தடவை மூன்று நாளும் கறுப்பியைக் கண்ணால்கூடக் காணாமல் பதறிப்போய்க் கூப்பிட்டார். இப்போது குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் தாளின் முதல் வரி: "அவளைத் தேட வேண்டாம் அக்கா. தட்டு காலியாக இருந்து, மணலில் கட்டி இருந்தால், நலமாக இருக்கிறாள்."