மின்சுற்றுப் பலகை செய்ய லேசர் செதுக்கியை மேம்படுத்தும் முறை

மரத்திலும் தோலிலும் பெயர் பொறிப்பதற்காக வாங்கிய சிறிய லேசர் செதுக்கியைக் கொண்டு வீட்டிலேயே மின்சுற்றுப் பலகை செய்ய முனைவோர் பலரும் முதலில் தேடுவது கூடுதல் வாட் கொண்ட லேசரைத்தான். இது வீண் செலவு. மரத்தை எரிக்கத் திறன் தேவைப்படுகிறது, மின்சாரம் ஓடும் செம்புக் கோடான தடத்தை 0.2 மில்லிமீட்டர் அகலத்தில் வரைவதற்கோ மெல்லிய ஒளிப்புள்ளியும் ஆட்டமில்லாத சட்டகமும் தேவைப்படுகின்றன. திறன் மிகுந்த லேசர்களில் பல டையோடுகளின் கதிர்களை ஒன்றாக இணைப்பதால், அவற்றின் ஒளிப்புள்ளி பெரும்பாலும் பருமனாகவே இருக்கும்.

எதையும் வாங்குவதற்கு முன் எந்த முறையில் பலகை செய்யப்போகிறோம் என்பதை முடிவு செய்ய வேண்டும். இத்தகைய இயந்திரங்களில் வழக்கமாக உள்ள 445 முதல் 455 நானோமீட்டர் வரையிலான நீல லேசரால் செம்பை நேரடியாகச் செதுக்க முடியாது. விழும் ஒளியில் ஒரு பகுதியைச் செம்பு திருப்பி அனுப்பிவிடும், எஞ்சிய வெப்பத்தையும் நொடிப்பொழுதில் பலகை முழுவதும் பரப்பிவிடும். ஆகவே இரண்டு சுற்றுவழிகள் உள்ளன. முதலாவது, செம்பின்மேல் கறுப்பு ஸ்ப்ரே பெயிண்டை மெல்லிதாக அடித்து, தடங்களுக்கு இடைப்பட்ட பகுதியை லேசரால் எரித்து நீக்கிய பின் அங்கே வெளித்தெரியும் செம்பை இரசாயனக் கரைசலால் அரிக்கச் செய்வது. இருக்கும் நீல லேசரே இதற்குப் போதும் என்றாலும், எரிந்த பெயிண்டின் கண்ணுக்குத் தெரியாத படிவு செம்பில் ஒட்டியிருந்து அரிப்பைத் தடுக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் எவ்வளவு துடைத்தாலும் அங்கங்கே அரிபடாத செம்புத் தீவுகள் நிற்கும். பெயிண்டுக்குப் பதிலாக வினைல் ஸ்டிக்கரை ஒட்டி எரிக்கலாம் என்ற எண்ணம் வேண்டவே வேண்டாம். வினைல் என்பது பிவிசி பிளாஸ்டிக்; அது எரியும்போது வெளிவரும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு நுரையீரலையும் கெடுக்கும், இயந்திரத்தையும் துருப்பிடிக்கச் செய்யும்.

இரண்டாவது வழி, டிரை ஃபிலிம் எனப்படும் ஒளியுணர் படலத்தைச் செம்பின்மேல் ஒட்டி, தடங்களை லேசரால் வரைவது. ஒளி பட்ட இடம் கெட்டியாகி நிற்கும், படாத இடம் கரைசலில் கரைந்துபோகும். பெயிண்ட் முறையில் இடைவெளிகளை வரைகிறோம், இங்கே தடங்களையே வரைகிறோம் என்பதால் படத்தை நேரெதிராக மாற்ற வேண்டும். இதை மறந்து ஒரு பலகையை வீணாக்காதவர் அரிது. நான் பரிந்துரைப்பது இந்த இரண்டாவது முறையையே. இந்தப் படலம் புற ஊதாவை ஒட்டிய ஒளிக்கு நன்கு வினைபுரியும், நீல ஒளிக்கு மிகக் குறைவாகவே வினைபுரியும். ஆகவே நீல லேசரைக் கழற்றிவிட்டு, சில நூறு மில்லிவாட் திறனுள்ள 405 நானோமீட்டர் லேசரைப் பொருத்துவதே முதல் மேம்பாடு.

புதிய லேசரை இணைக்கும்போது அதன் மின்னழுத்தமும் மின்னோட்டமும் பழைய இணைப்போடு பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். கட்டுப்பாட்டுப் பலகை தொடங்கும் நொடியில் லேசரை இயக்கும் சமிக்ஞைக் கம்பி நிலையற்றிருந்து லேசர் தானாகவே எரிவதுண்டு. அந்தக் கம்பிக்கும் தரைக்கும் இடையே ஒரு 10 கிலோஓம் மின்தடையைப் பற்றவைத்தால் அது நின்றுவிடும். பழைய லேசருக்கான பாதுகாப்புக் கண்ணாடியையே அணியலாம் என்றும் எண்ணக் கூடாது. 405 நானோமீட்டருக்கும் பாதுகாப்பு உண்டு என்று அதிலேயே அச்சிடப்பட்டிருக்க வேண்டும். இந்த ஊதா ஒளி கண்ணுக்கு மங்கலாகத் தெரிவதால் ஆபத்தும் குறைவு என்று தோன்றும். செம்போ கண்ணாடிபோல ஒளியைத் தெறிக்கவிடும். இயந்திரத்தை ஒளி கசியாத பெட்டிக்குள் வைத்து, கதவைத் திறந்தால் லேசர் அணையும்படி ஒரு சுவிட்ச் வைப்பது நல்லது.

அடுத்தது சட்டகம். 2 மில்லிமீட்டர் பல்லிடைவெளி கொண்ட பெல்ட், 20 பல் சக்கரம், ஒரு சுற்றை 200 சிறு படிகளாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டார், ஒவ்வொரு படியையும் 16 கூறாக்கும் மோட்டார் டிரைவர் ஆகியவை இருந்தால் ஒரு மில்லிமீட்டருக்கு 80 கூறுகள் கிடைக்கும். அதாவது ஒரு கூறு 0.0125 மில்லிமீட்டர். நமக்கு இதுவே தாராளம். டிரைவரை மாற்றி 32 கூறாக்குவதால் துல்லியம் அதிகரிக்காது, ஏனெனில் பிழை பெல்ட்டின் தளர்விலும் சக்கரங்களின் ஆட்டத்திலும் இருக்கிறது. பெல்ட்டை இறுக்கி, லேசர் வண்டியைக் கையால் அசைத்துப் பார்த்து ஆட்டம் நிற்கும்வரை சக்கரங்களின் நட்டைத் திருப்புங்கள். பிறகு 100 மில்லிமீட்டர் கோடு ஒன்றை வரைந்து வெர்னியரால் அளந்து, கேட்ட நீளத்தை அளந்த நீளத்தால் வகுத்து வரும் எண்ணால் பழைய கூறு எண்ணிக்கையைப் பெருக்கிப் பதியுங்கள். இயந்திரத்தை இயக்கும் ஜிஆர்பிஎல் மென்பொருளில் இரண்டு அச்சுகளுக்கும் இவை $100, $101 என்ற அமைப்புகள். அங்கேயே $32=1 என்று லேசர் நிலையை இயக்கி, லேசரை மாறாத் திறனில் எரியவைக்கும் எம்3 கட்டளைக்குப் பதிலாக எம்4 கட்டளையைப் பயன்படுத்துங்கள்; வேகம் குறையும் மூலைகளில் அது திறனையும் குறைப்பதால் அங்கே ஒளி மிகையாகாது.

அதிகப் பொறுமை வேண்டிய வேலை குவியத்தை, அதாவது லேசர் ஒளி மிகச் சிறிய புள்ளியாகக் கூடும் உயரத்தைச் சரிசெய்வதுதான். ஒரு கறுப்பு அட்டையைச் சாய்வாக வைத்து, அதன்மேல் இணைகோடுகளை வரைந்தால், எந்த உயரத்தில் கோடு மிக மெல்லியதாக விழுகிறதோ அதுவே குவிய உயரம். அந்த அளவுக்கு ஒரு தகட்டை வெட்டி வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் தேட வேண்டியதில்லை. டையோடின் ஒளிப்புள்ளி வட்டமாக இருப்பதில்லை, நீள்சதுரமாகவே இருக்கும். குறுக்கும் நெடுக்குமாகக் கோடு வரைந்து இரண்டின் அகலத்தையும் உருப்பெருக்கியால் அளந்து, புள்ளியின் நீண்ட பக்கம் லேசர் ஓடும் திசையிலேயே அமையும்படி ஓட்டுங்கள். கோட்டு அகலத்தில் பாதியை மென்பொருளில் உள்நோக்கிக் குறைக்காவிட்டால் எல்லாத் தடங்களும் தடித்துவிடும். பலகை லேசாக வளைந்திருந்தாலும் குவியம் தவறும் என்பதால் நான்கு ஓரங்களையும் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

படலத்தின் அடித்தாளை உரித்துச் சூடான லேமினேட்டரால் ஒட்டி, மேல்தாளை உரிக்காமலே மஞ்சள் விளக்கொளியில் வேலை செய்யுங்கள். ஒரு சிறு துண்டில் வெவ்வேறு வேகத்திலும் திறனிலும் கட்டங்களை வரைந்து, மேல்தாளை நீக்கி, லிட்டருக்கு 10 கிராம் சலவைச் சோடா கலந்த நீரில் கழுவிப் பாருங்கள். ஒளி குறைந்த கட்டம் கரைந்தோடும். மிகுந்த கட்டத்தில் கோடுகளின் இடைவெளி அடைபட்டிருக்கும். இரண்டுக்கும் நடுவில் விளிம்பு கூராக நிற்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அரிப்பதற்கு ஃபெரிக் குளோரைடு போதும். பயன்படுத்திய கரைசலில் செம்பு கலந்திருப்பதால் அதைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது.

கடைசி மேம்பாடு, இரண்டு அச்சுகளிலும் எல்லைச் சுவிட்சுகளைப் பொருத்தி, இயந்திரம் அவற்றைத் தொட்டுத் தன் தொடக்கப் புள்ளியைத் தானே கண்டறியும்படி $22=1 என்று பதிவது. பலகையை இரண்டு ஊசிகளில் மாட்டி வைத்தால், அதை எடுத்து அரித்து மீண்டும் மாட்டினாலும் இயந்திரம் அதே தொடக்கப் புள்ளிக்குத் திரும்பும். புற ஊதாவில் இறுகும் பச்சை மேற்பூச்சைப் பூசி, பற்றவைக்க வேண்டிய இடங்களை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றின்மேல் அதே 405 நானோமீட்டர் லேசரை ஓட்டுவது அப்போதுதான் கைகூடும்.