பழைய பொதுப் பூங்காவைக் காக்க நிதி திரட்டுவது எப்படி?

ஊர் நடுவில் அறுபது எழுபது ஆண்டாக இருக்கும் பூங்கா. உள்ளே ஒரு கிணறு, ஓட்டுக் கொட்டகை, நாற்றங்கால், வயதான மரங்கள். இதைச் சீர்படுத்த நாலு பேர் கூடியதும் "ரசீதுப் புத்தகம் அடிச்சிரலாம்" என்ற யோசனைதான் முதலில் வரும். அதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலைகள் இருக்கின்றன.

படி 1: நிலம் யார் பெயரில்?

கிராமமானால் அ-பதிவேடு, நகரமானால் நகர நில அளவைப் பதிவேடு: நகல் எடுத்து, நில அளவையரை வைத்து எல்லையை அளந்துவிடுங்கள். ஆக்கிரமிப்பு இருந்தால் இப்போதே தெரிய வேண்டும். சுற்றுச்சுவருக்குப் பணம் கட்டிய பிறகு தெரிந்தால் வழக்குக்குத்தான் அலைய வேண்டிவரும்.

நிலம் நகராட்சியுடையது என்றால் பராமரிப்பு ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள். சென்னை மாநகராட்சியின் நாகேஸ்வர ராவ் பூங்காவை சுந்தரம் ஃபைனான்ஸ் நிறுவனம் பராமரிப்பது தெரிந்த உதாரணம். ஐந்து ஆண்டுக்குக் குறையாமல் கேளுங்கள். அதிகாரி மாறினால் வாய்மொழி அனுமதியும் போய்விடும்.

படி 2: மதிப்பீடு

ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுத்து, இனம், அடிமரச் சுற்றளவு, நிலை மூன்றையும் பதியுங்கள். கட்டடத்தைப் பகுதி பகுதியாகப் படம் எடுங்கள். பிறகு பொறியாளரிடம் மதிப்பீடு வாங்குங்கள்.

இங்கேதான் பெரிய தவறு நடக்கும். பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சிமென்ட் பூச்சு என்று மதிப்பீட்டில் எழுதிவிடுவார்கள். சுவரில் ஏறும் ஈரம் சிமென்ட் வழியாக எளிதில் வெளியேறாது. உப்பு பூத்து, பூச்சு பழைய செங்கல்லையும் பெயர்த்துக்கொண்டு விழும். சுண்ணாம்பு 1, மணல் 3 என்ற அளவில் சுண்ணாம்புப் பூச்சே வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். மரத்தடி வரை நடைபாதைக் கல் பதிக்கும் வரியையும் அடித்துவிடுங்கள். வேருக்கு நீரும் காற்றும் போகாது.

மொத்தத் தொகையைச் சிறு துண்டுகளாக்குங்கள். "பூங்காவுக்கு நன்கொடை" என்றால் ஐந்நூறு ரூபாய் வரும். "கிணறு தூர்வார இவ்வளவு, இந்தக் கதவுக்கு இவ்வளவு" என்றால் ஒருவர் ஒரு வேலையையே ஏற்றுக்கொள்வார்.

படி 3: சங்கம், வங்கிக் கணக்கு

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் பதிய ஏழு பேர் வேண்டும். சங்கத்தின் பெயரில் பான் அட்டை, இருவர் கையெழுத்திடும் வங்கிக் கணக்கு. அடுத்து வருமான வரித்துறையில் 12ஏ (சங்கத்தின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை) பதிவு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் வரிச்சலுகை கிடையாது. புதிய வரி முறையில் இருப்பவருக்கு அந்தச் சலுகையே இல்லை. அதைச் சொல்லி ஆசை காட்டாதீர்கள்.

படி 4: யாரிடம், எந்த வரிசையில்?

முதலில் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள், சுற்றுத் தெருக்காரர்கள். தொகை சிறிதாக இருந்தாலும் பெயர்ப்பட்டியல் நீளமாக இருக்கட்டும். பிறகு வருகிறவர்கள் அதைத்தான் பார்ப்பார்கள்.

அடுத்து, அரசின் நமக்கு நாமே திட்டம். பொதுவாக, மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு தரும். ஒன்பது லட்ச ரூபாய் வேலைக்கு நீங்கள் திரட்ட வேண்டியது மூன்று லட்சம். அந்த ஆண்டின் ஒதுக்கீடு மிச்சமிருக்கிறதா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

அதன் பிறகு சிஎஸ்ஆர், அதாவது நிறுவனங்கள் சட்டப்படி சமூகப் பணிக்குச் செலவிட வேண்டிய பணம். நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி: இவற்றில் ஒன்றை எட்டிய நிறுவனம் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் செலவிட வேண்டும். சுற்றுச்சூழலும் வரலாற்றுக் கட்டடச் சீரமைப்பும் அனுமதிக்கப்பட்ட பட்டியலில் உண்டு. ஆனால் உங்கள் சங்கத்துக்கு 12ஏ, 80ஜி, மூன்று ஆண்டுச் செயல்பாடு, சிஎஸ்ஆர்-1 (சிஎஸ்ஆர் பணம் வாங்கும் அமைப்புகளுக்கான) பதிவு எல்லாம் இருக்க வேண்டும். நேற்றுப் பதிந்த சங்கம் இங்கே அலைவது வீண். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால் தை, மாசியிலேயே விண்ணப்பம் போய்விட வேண்டும்.

வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் விஷயத்தில் கவனம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தரலாம். வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர் என்றால் எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது, அவர் உங்கள் சொந்த மாமாவாகவே இருந்தாலும்.

படி 5: பராமரிப்புப் பணம்

நீரூற்று வைக்க ஆள் கிடைக்கும், கல்வெட்டில் பெயர் வருமே! தண்ணீர் ஊற்றுகிறவர் சம்பளத்துக்குத்தான் யாரும் தர மாட்டார்கள். ஒரு தோட்டக்காரருக்கு மாதம் 15,000 என்று வையுங்கள், ஆண்டுக்கு 1,80,000. இதை 6 விழுக்காடு வட்டியிலிருந்து எடுக்க 30 லட்சம் வைப்புத்தொகை வேண்டும். சின்ன ஊரில் அது நடக்கிற காரியமில்லை. 150 வீடுகளிடம் மாதம் 100 ரூபாய் வாங்கினாலும் அதே 15,000 வருகிறது. இந்தச் சந்தாவைத் தொடங்கி ஆறு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகே கட்டட வேலையில் கை வையுங்கள். வரவு செலவை மாதாமாதம் பூங்கா வாசல் பலகையில் ஒட்டுங்கள். சந்தா நிற்பது பெரும்பாலும் கணக்கு தெரியாதபோதுதான்.